மஹாலியா ஜாக்சன்: இசைப் பள்ளிக்குச் செல்லாத குரல் எங்கே பழகியது, அவர் புளூஸை ஏன் மறுத்தார்?

நெல்லைக் குரல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் திருச்சபையின் பாடகர் குழுவினர் மாதந்தோறும் ஒரு மாலையில் ஒன்றாக அமர்ந்து, வேற்று நாட்டுத் திருச்சபை இசையைக் கேட்டுப் பேசுவது வழக்கம். அடுத்த கூடுகைக்கு அமெரிக்கக் கறுப்பினத் திருச்சபைப் பாடகியான மஹாலியா ஜாக்சனின் பாடல்களைத் தேர்ந்தெடுத்து, அவருடைய வாழ்க்கையைப் பற்றிச் சிறிது நேரம் பேச வேண்டிய பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. சில நூல்களும் கட்டுரைகளும் வாசித்தேன். ஆனால் வாசிக்க வாசிக்க இரண்டு கேள்விகள் பெரிதாகிக்கொண்டே போகின்றன.

முதலாவது, அவர் முறையாக இசை கற்றவர் அல்லர் என்றும், சுரக்குறிப்பைப் பார்த்துப் பாட அறியாதவர் என்றும் எல்லோரும் எழுதுகிறார்கள். அப்படியிருக்க, ஒரே அடியைப் பத்து விதமாக இழுத்தும் நிறுத்தியும் உடைத்தும் பாடுகிற அந்த ஆளுமை எங்கிருந்து வந்தது? "தெய்வம் தந்த வரம்" என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனமில்லை. வரம் என்றாலும் அது எந்தத் தெருவில், யாருடைய பாட்டைக் கேட்டு வளர்ந்தது என்பதை எங்கள் குழுவிலுள்ள இளையோருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இரண்டாவது கேள்வி சற்றுக் கடினமானது. அவர் குரலில் புளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரம் தோய்ந்த உலகியல் பாட்டு, இருக்கிறது. அதை ஒரு முறை கேட்டவர்களே உணர்ந்துவிடுவார்கள். ஆயினும் வாழ்நாள் முழுவதும் புளூஸ் பாட மறுத்தார், இரவு விடுதிகளில் பாட மறுத்தார், பெரும் பணத்தையும் வேண்டாம் என்றார். தன் குரலுக்குள்ளேயே இருக்கும் ஒன்றை ஒருவர் மறுப்பது எப்படிப் பொருந்துகிறது? சபையாருக்கு அஞ்சி மறுத்தாரா, அல்லது வேறு காரணம் உண்டா?

இவற்றோடு, முதன்முறையாகக் கேட்பவர்களுக்கு எந்தப் பதிவுகளிலிருந்து தொடங்கலாம் என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.


இசைத்தட்டுச் சேகரிப்பாளர் எழுதியது:

உங்கள் முதல் கேள்விக்கான விடை, அவர் பிறந்து வளர்ந்த தெற்கு அமெரிக்க மாநில நகரமான நியூ ஆர்லியன்ஸில் இருக்கிறது என்பதால், அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

மஹாலியா 1911ஆம் ஆண்டு அக்டோபர் 26 அன்று, மிசிசிப்பி ஆற்றின் கரையோரம் தொழிலாளர் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த ஒரு பகுதியில் பிறந்தார். ஒரு பக்கம் ஆற்றின் கரைமேடு, மறுபக்கம் இருப்புப்பாதை. மூன்று அறைகள் கொண்ட வீட்டில் பத்துப் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். தந்தை பகலில் துறைமுகத்தில் சுமை தூக்கினார், இரவில் முடி திருத்தினார், ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் செய்தார். தாய் சாரிட்டி, மகளுக்கு ஐந்து வயதளவில் இறந்துவிட்டார். அதன்பின் அவரை வளர்த்தவர் தாயின் மூத்த சகோதரி. டியூக் பெரியம்மா என்று எல்லோரும் அழைத்த அந்த அம்மையார் மிகவும் கண்டிப்பானவர். வீட்டு வேலையில் சிறு குறை இருந்தாலும் பொறுக்கமாட்டார், உலகப் பாட்டுகளை வீட்டில் அனுமதிக்கவும்மாட்டார்.

ஆனால் அந்த ஊரில் காதைப் பொத்திக்கொண்டு வளர முடியாது. அந்தச் சிறுமியின் காதில் ஒரே காலத்தில் விழுந்த இசைகளைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால்தான் பின்னாளில் அவர் என்ன செய்தார் என்பது புரியும்.

அவர் சேர்ந்திருந்த பாப்டிஸ்ட் திருச்சபையில், அடிமைக் காலத்திலிருந்தே வழங்கிவந்த ஒரு பாடுமுறை இருந்தது. பாட்டுப் புத்தகம் எல்லோரிடமும் இல்லாததாலும், பலருக்கு எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்ததாலும், தலைவர் ஒரு வரியை முதலில் சொல்லிக்கொடுப்பார். பின்னர் சபையார் அனைவரும் அந்த வரியைத் தாளக்கட்டு இல்லாமல், ஒவ்வோர் அசையையும் நீட்டி, அவரவர் மனம் போல வளைத்துப் பாடுவார்கள். பாடல்கள் பெரும்பாலும் ஐசக் வாட்ஸ் போன்ற ஆங்கிலேயப் பாடலாசிரியர்களுடையவை. ஆனால் பாடிய விதத்தில் ஆங்கிலேயத் தன்மை சிறிதும் இல்லை. தாளமில்லாமல் ராகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு சொல்லை விரித்துச் செல்லும் நம் விருத்தத்தைக் கேட்டுப் பழகியவர்களுக்கு, இந்த முறை உடனே பிடிபடும். மஹாலியாவின் மெதுவான பாடல்கள் அனைத்துக்கும் இதுவே வேர். 1947இல் அவர் பதிவு செய்த "அமேசிங் கிரேஸ்" பாடலில் முதல் அடியைக் கவனியுங்கள். அடுத்த சொல் எப்போது வரும் என்று நம்மால் கணிக்கவே முடியாது. மூச்சை எடுக்கும் இடமும் வழக்கமான இடமாக இராது, சொல்லின் நடுவிலேயே எடுப்பார். ஆனால் பொருள் உடையாது.

இரண்டாவது, அவர் வீட்டுக்கு அடுத்திருந்த ஒரு ஹோலினஸ் சபை, அதாவது பரவசத்தோடு ஆராதிக்கும் வேறொரு கிறித்தவப் பிரிவின் சபை. அங்கே ஆர்கனும் இல்லை, பயிற்சி பெற்ற பாடகர் குழுவும் இல்லை. முரசு, ஜால்ரா, தம்பூரின், எஃகு முக்கோணம் ஆகியவற்றோடு, சபையார் கைதட்டியும் காலால் தரையை மிதித்தும் உடல் முழுவதாலும் பாடினார்கள். தன் பாட்டில் உள்ள தாளத்துடிப்பை அந்தச் சபையிலிருந்தே பெற்றதாக மஹாலியா பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் பாப்டிஸ்டாகவே இருந்தார். ஆனால் சுவருக்கு அப்பாலிருந்து வந்த அந்தத் தாளம் அவருடைய காலிலும் கையிலும் ஏறிவிட்டது.

மூன்றாவது, இசைத்தட்டுகள். டியூக் பெரியம்மாவின் மகன் ஃபிரெட், புளூஸ் பாடகிகளான பெஸ்ஸி ஸ்மித், மா ரெய்னி ஆகியோரின் தட்டுகளை வைத்திருந்தார். பெரியவர்கள் வெளியே போயிருக்கும் சனிக்கிழமைகளில், தரையைத் தேய்த்துக் கழுவும்போது அந்தத் தட்டைச் சுழலவிட்டு, பெஸ்ஸி ஸ்மித் ஒலி எழுப்புவது போலவே தானும் எழுப்புவதற்காக வாயின் வடிவத்தைப் பார்த்துப் பார்த்து அமைத்துக்கொண்டதாக அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். இது சிறிய செய்தி அன்று. குரல் பயிற்சி என்பதே அடிப்படையில் இதுதானே? முன்னால் ஆசிரியர் இல்லை, ஒலிப்பெட்டி இருந்தது. முழங்காலிட்டுத் தரை துடைக்கும் சிறுமி, பெரிய குரல் ஒன்று எந்த உயிரெழுத்தில் திறக்கிறது, எங்கே அடங்குகிறது என்பதைத் தன் வாயாலேயே அளந்து கற்றுக்கொண்டாள்.

இவற்றுக்கு மேல், தெருவே இசையாக இருந்த ஊர் அது. இறந்தவரை அடக்கம் செய்யப் போகும்போது மெல்ல அழுதபடி செல்லும் பித்தளை வாத்தியக் குழு, திரும்பி வரும்போது துள்ளலான நடைக்கு மாறிவிடும். துயரமும் மகிழ்ச்சியும் ஒரே வாத்தியங்களில், ஒரே நாளில், ஒரே தெருவில் ஒலிக்கக் கேட்டவர் அவர். அவருடைய பாடல்கள் பல மெதுவாகத் தொடங்கி இரண்டாம் பாதியில் எழுந்து நடப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அந்த அமைப்பை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே "இசை கற்காதவர்" என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. சான்றிதழ் தரும் பள்ளியில் படிக்கவில்லை என்று சொன்னால் போதும்.


குரல் மாணவி எழுதியது:

மேலே ஐயா எழுதியதோடு முழுவதும் உடன்படுகிறேன். ஒரு நிகழ்ச்சியை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் அது நெல்லைக் குரல் அவர்களின் முதல் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடையது.

மஹாலியா முறையான குரல் வகுப்புக்கு ஒரு முறை சென்றிருக்கிறார். சிகாகோவுக்குக் குடியேறிய பின், 1930களின் தொடக்கத்தில், தெற்குச் சிகாகோவில் இசைக்கூடம் நடத்திய ஒரு கறுப்பினக் குரலாசிரியரிடம் நான்கு டாலர் கொடுத்துப் பாடிக்காட்டினார். துணி வெளுத்தும் விடுதிகளில் அறை துடைத்தும் பிழைத்த ஒரு பெண்ணுக்கு அந்த நாளில் நான்கு டாலர் சிறிய தொகை அன்று. அவர் ஓர் ஆன்மிகப் பாடலை வழக்கம்போல் உள்ளம் திறந்து பாட, ஆசிரியர் இடைமறித்து, கத்துவதை நிறுத்த வேண்டும் என்றும், இப்படிப் பாடுவது நம் இனத்துக்குப் பெருமை சேர்க்காது என்றும், வெள்ளையருக்கும் புரியும்படி பாடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். மஹாலியா மீண்டும் அங்கே செல்லவில்லை.

குரல் பயிலும் ஒருத்தியாக எனக்கு இந்த நிகழ்ச்சி மிகவும் வலிக்கிறது. அந்த ஆசிரியர் தீயவர் அல்லர். தம் மக்கள் மதிக்கப்பட வேண்டும் என்பதே அவருடைய கவலை. ஆனால் மதிப்பைத் தரும் இடம் எது என்பதை வேறு யாரோ தீர்மானித்திருந்தார்கள், அதை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தார். இருபது வயதைச் சற்றே கடந்த அந்தப் பெண், தன் பாட்டைக் கேட்டு மகிழ வேண்டியவர்கள் யார் என்பதில் அவரைவிடத் தெளிவாக இருந்தார்.


தெற்குக் கரை எழுதியது:

இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். சபையாருக்கு அஞ்சித்தான் புளூஸை மறுத்தாரா என்று கேட்டிருக்கிறீர்கள். நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால், அஞ்சியவர் என்று சொல்ல இடமே இல்லை. சபைதான் முதலில் அவரை மறுத்தது.

1920களின் இறுதியில் பதினாறு வயதளவில் மஹாலியா சிகாகோ வந்தார். தெற்கு மாநிலங்களின் ஒடுக்குமுறையிலிருந்து இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கு நகரங்களுக்குப் பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. கிரேட்டர் சேலம் பாப்டிஸ்ட் திருச்சபையின் பாடகர் குழுவில் சேர்ந்தார். அங்கே போதகரின் மகன்கள் சிலரோடு இணைந்து ஜான்சன் சிங்கர்ஸ் என்ற சிறு குழுவாகத் திருச்சபை திருச்சபையாகச் சென்று பாடினார். காஸ்பல் எனப்படும் கறுப்பினத் திருச்சபைப் பாட்டையே தொழிலாகக் கொண்ட முதல் குழுக்களில் அது ஒன்று. ஆனால் நகரின் பெரிய, வசதியான கறுப்பினத் திருச்சபைகள் ஹேண்டல் போன்ற ஐரோப்பிய மேதைகளின் படைப்புகளைச் சுரக்குறிப்புப்படி ஒழுங்காகப் பாடுவதையே ஆராதனைக்குரிய இசை என்று கருதின. கை தட்டி, உடல் அசைய, தலைமுடி கலையப் பாடும் தெற்கத்திப் பெண்ணை அவை விரும்பவில்லை. ஒரு போதகர் வெளிப்படையாகக் கண்டித்தபோது, எங்கள் ஊரில் நாங்கள் இப்படித்தான் பாடுகிறோம் என்று அங்கேயே எழுந்து பதில் சொன்னார். "சகல ஜனங்களே, கைகொட்டி, தேவனுக்கு முன்பாகக் கெம்பீர சத்தமாய் ஆர்ப்பரியுங்கள்" என்ற 47ஆம் சங்கீதமே அவர் தம் பாடுமுறைக்குக் காட்டிய ஆதாரம். சபைக்கு அஞ்சுகிறவர் போதகரிடம் இப்படிப் பேசமாட்டார்.

இந்த இடத்தில் தாமஸ் டார்சியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு போதகரின் மகனாக 1899இல் பிறந்த அவர், "ஜார்ஜியா டாம்" என்ற பெயரில் மா ரெய்னிக்குப் பியானோ வாசித்தவர், புளூஸ் பாடல்கள் எழுதிப் புகழ் பெற்றவர். பின்னர் அதே இசைமொழியில் திருச்சபைக்குப் பாடல் எழுதத் தொடங்கினார். 1932 ஆகஸ்டில் அவர் வெளியூரில் பாடிக்கொண்டிருந்தபோது மனைவி நெட்டி பிரசவத்தில் இறந்தார், பிறந்த குழந்தையும் பிழைக்கவில்லை. அந்தத் துயரத்திலிருந்து வந்ததுதான் "டேக் மை ஹேண்ட், பிரஷஸ் லார்ட்". டார்சி தம் பாடல்களைத் தனித்தனித் தாளாக அச்சிட்டுப் பத்து சென்டுக்கு விற்பார். மஹாலியா தெருமுனைகளிலும் திருச்சபைகளிலும் பாடிக்காட்டி மக்களை வாங்கவைப்பார். 1930களின் இறுதியிலிருந்து சில ஆண்டுகள் இருவரும் ஊர் ஊராகச் சென்றார்கள். புளூஸின் சுரங்களும் வளைவுகளும் காஸ்பலுக்குள் வந்தது இப்படி வெளிப்படையாகத்தான். அதை இருவருமே ஒளிக்கவில்லை.

அப்படியானால் மறுப்பு எதற்கு? அவர் கூறிய விளக்கத்தின் சாரம் இது: புளூஸ் நம்பிக்கையிழந்தவரின் பாட்டு, பாடி முடித்த பின் சாய்ந்துகொள்ள அதில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. காஸ்பல் பாடினால் சுமை இறங்குகிறது, நம்பிக்கை மிஞ்சுகிறது. இதை இசையிலக்கணத்தில் தேடினால் கிடைக்காது. ஒரே வளைவு, ஒரே சுரம் இரண்டிலும் இருக்கலாம். பாட்டு முடியும்போது பாடியவரும் கேட்டவரும் எங்கே நிற்கிறார்கள் என்பதில்தான் அவருக்கு வேறுபாடு இருந்தது. நீங்கள் பொருந்தவில்லை என்று நினைத்தது இதனால் பொருந்திவிடுகிறது என்பது என் கருத்து. பெஸ்ஸி ஸ்மித்திடமிருந்து அவர் குரலை எடுக்கும் விதத்தை எடுத்துக்கொண்டார், பாட்டு போய்ச் சேரும் இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, அது மிகவும் அந்தரங்கமானது. 1930களின் நடுவில் ஒரு கடும் வெயில் நாளில், தன் தாத்தாவை ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளும்படி மஹாலியா வற்புறுத்தினார். அவர் அங்கேயே மயங்கி விழுந்து, உயிருக்குப் போராடும் நிலைக்குப் போய்விட்டார். தாத்தா பிழைத்தால் இனி நாடக அரங்குக்குள் காலெடுத்து வைப்பதில்லை என்று மஹாலியா நேர்ந்துகொண்டார். தாத்தா பிழைத்தார். இதைப் பழமைவாதம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. நேர்ச்சை என்றால் என்னவென்று அறிந்த நம் ஊர்க்காரர்களுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை.

அந்த உறுதிக்கு அவர் கொடுத்த விலையையும் உங்கள் குழுவினருக்குச் சொல்லுங்கள். 1937இல் டெக்கா நிறுவனத்துக்காக நான்கு பாடல்கள் பதிவு செய்தார். விற்பனை போதவில்லை. புளூஸ் பாடினால் தொடரலாம் என்றார்கள், மறுத்தார், ஒப்பந்தம் முடிந்தது. அதன்பின் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அவருடைய இசைத்தட்டு எதுவும் வரவில்லை. அவருடைய கணவர் ஐசக் ஹாக்கன்ஹல் படித்தவர். இந்தக் குரலைத் திருச்சபைகளில் வீணாக்குவதாக அவர் வருந்தினார். பொருளாதார மந்தக் காலத்தில் அவர் வேலையின்றி இருந்தபோது, "ஸ்விங் மிக்காடோ" என்ற மேடை நாடகத்தின் தேர்வுக்கு அரை மனதோடு சென்று மஹாலியா தேர்வும் பெற்றார். கணவருக்கு வேலை கிடைத்ததும் அந்த வாய்ப்பை விட்டுவிட்டார். ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் தம் குழுவுக்கு அழைத்தபோதும் போகவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு அழகுக்கலை கற்று, 1939இல் சொந்தமாக ஓர் அழகு நிலையம் திறந்தார். வார நாள்களில் பெண்களின் தலைமுடியைச் சீராக்கி, வார இறுதியில் தொலைதூர ஊர்களுக்குச் சென்று பாடித் திரும்பினார். தன் கையால் சம்பாதித்ததால்தான் மறுக்கும் துணிவு அவருக்கு நிலைத்தது என்று நான் நினைக்கிறேன். பிற்காலத்தில் பாடுவதற்குமுன் பணத்தைக் கையில் ரொக்கமாகக் கேட்டு வாங்கியதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

பிறகு நடந்தது உலகறிந்தது. 1947 செப்டம்பரில் அப்பல்லோ நிறுவனத்துக்காகப் பதிவு செய்த "மூவ் ஆன் அப் எ லிட்டில் ஹையர்" பத்து இலட்சத்துக்கு மேல் விற்ற தட்டு என்று போற்றப்பட்டது. எழுதியவர் மெம்பிஸ் நகரப் போதகர் ஹெர்பர்ட் புரூஸ்டர். பாடல் நீளமானது என்பதால் தட்டின் இரு பக்கங்களிலும் பிரித்து வெளியிட்டார்கள். பரலோகத்தில் படிப்படியாக மேலேறுவதைப் பாடும் பாடல்தான், ஆனால் இந்த மண்ணிலும் தம் மக்கள் மேலேற வேண்டும் என்ற எண்ணத்தோடே எழுதியதாகப் புரூஸ்டர் கூறியிருக்கிறார். கேட்டவர்களுக்கும் அது புரிந்தது. 1950 அக்டோபரில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் பாடியபோது, டார்சியுடன் தெருமுனையில் பத்து சென்டுக்குத் தாள் விற்ற அதே பாடுமுறையையே மாற்றாமல் பாடினார்.


நெல்லைக் குரல் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேர்ச்சையைப் பற்றிய செய்தியை நான் எங்கும் வாசித்திருக்கவில்லை. அதை எங்கள் கூடுகையில் நிச்சயம் சொல்வேன்.

ஓர் ஐயம் மட்டும் இருக்கிறது. கொலம்பியா நிறுவனத்துக்காக அவர் பாடிய பதிவுகளில் பெரிய வயலின் குழுவும் பின்னணிக் குரல்களும் சேர்ந்து வருகின்றன. அவற்றில் பலவற்றைக் கேட்டபோது, மேலே விவரித்த அந்த மஹாலியா எனக்குக் கிடைக்கவில்லை. புளூஸை மறுத்தவர் இதற்கு எப்படி இசைந்தார்?


குரல் மாணவி எழுதியது:

நெல்லைக் குரல் ஐயா, உங்கள் காது சரியாகவே கேட்டிருக்கிறது. 1954இல் கொலம்பியாவோடு ஒப்பந்தமானபின் அவருடைய இசை இரண்டாகப் பிரிந்தது என்றே நான் நினைக்கிறேன். நிறுவனம் வெள்ளையர் வீடுகளிலும் விற்கக்கூடிய தட்டுகளை விரும்பியது. மூன்று நான்கு நிமிட அளவுக்குள் பாட்டு அடங்க வேண்டும், தாளம் நேராக ஓட வேண்டும், வாத்தியக் குழுவுக்கு முன்பே எழுதிய குறிப்பு இருக்க வேண்டும். இவை மூன்றும் அவருடைய பாடுமுறைக்கு எதிரானவை. சபை விடை சொல்லும்வரை ஓர் அடியையே திரும்பத் திரும்பப் பாடி ஏற்றுகிறவரால், நடத்துநரின் கோலைப் பார்த்து அடுத்த அடிக்குப் போக வேண்டியிருந்தால் என்ன செய்ய முடியும்? அதே ஆண்டில் சிகாகோவில் சி.பி.எஸ். நிறுவனம் அவர் பெயரில் ஒரு வானொலி நிகழ்ச்சியும் நடத்தியது. ஆனால் ஒரு கறுப்பினப் பெண்ணின் நிகழ்ச்சியை நாடு முழுவதும் கொண்டுசெல்ல விளம்பரதாரர்கள் முன்வரவில்லை, சில மாதங்களில் அது நின்றுபோனது.

இருந்தாலும் அவர் சமரசம் செய்துகொண்டார் என்று சுருக்கிவிடக் கூடாது. பாடிய சொற்களை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. திருச்சபைகளில் பாடும்போது பழைய முறையே தொடர்ந்தது. அங்கே அவருக்குத் துணையாக நின்றவர் மில்ட்ரட் ஃபால்ஸ். 1940களின் இரண்டாம் பாதியிலிருந்து பல ஆண்டுகள் அவருக்குப் பியானோ வாசித்தவர். பாடகி எங்கே நிறுத்துவார், எங்கே ஓடுவார் என்பது முன்கூட்டித் தெரியாத நிலையில், இடக்கையால் ஆழமான நடையைப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் மஹாலியாவின் ஒவ்வோர் அடிக்கும் சபையைப் போல விடை சொல்வார். கூடுகையில் ஒரு முறை குரலை மறந்துவிட்டு அந்த இடக்கையை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். அவருக்கு உரிய ஊதியமும் உரிய பெயரும் மஹாலியாவிடமிருந்து கிடைக்கவில்லை என்பது உண்மை, அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. மஹாலியாவை நேசிக்கும் எனக்கு அது உறுத்தலாகவே இருக்கிறது.

அவர் எங்கே உறுதியாக நின்றார் என்பதைப் பதிவுக்கூடத்துக்கு வெளியே பார்க்க வேண்டும். 1956இல் டென்வரில் நடந்த பாப்டிஸ்ட் மாநாட்டில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கையும் அவருடைய தோழர் ரால்ஃப் அபர்நத்தியையும் சந்தித்தார். அந்த ஆண்டு டிசம்பரில், பேருந்துகளில் நிறப் பாகுபாட்டை எதிர்த்துப் பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்த மாண்ட்கோமரிக்குச் சென்று பாடினார், அபர்நத்தியின் வீட்டில் தங்கினார். சில வாரங்களுக்குள் அந்த வீட்டில் குண்டு வெடித்தது. சிகாகோவில் வெள்ளையர் வாழ்ந்த பகுதியில் அவர் வீடு வாங்கியபோது சன்னல்களில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. தெற்கில் பாடச் செல்லும்போது தங்க விடுதியும் உண்ண உணவகமும் மறுக்கப்பட்டதால், காரிலேயே உணவு எடுத்துச் சென்று காரிலேயே உறங்கினார். கிங் மனம் தளர்ந்த இரவுகளில் தொலைபேசியில் அழைப்பார், மஹாலியா பாடுவார். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் கிங் உரை நிகழ்த்துவதற்கு முன் பாடியவர் அவர்தான். எழுதிவைத்த உரையிலிருந்து கிங் விலகிக் கனவைப் பற்றிப் பேசுவதற்கு, அருகிலிருந்த மஹாலியா அந்தக் கனவைச் சொல்லும்படி குரல் கொடுத்ததே தூண்டுதல் என்று உடனிருந்த கிங்கின் ஆலோசகர் கிளாரன்ஸ் ஜோன்ஸ் கூறியிருக்கிறார். பிரசங்கிக்குச் சபையிலிருந்து விடை சொல்லும் பழக்கத்தில் வளர்ந்த ஒருவர் இயல்பாகச் செய்யக்கூடியதே அது.


இசைத்தட்டுச் சேகரிப்பாளர் எழுதியது:

பதிவுகளைப் பற்றிய கேள்வி எஞ்சியிருக்கிறது. கொலம்பியாவிலிருந்து தொடங்காதீர்கள், அப்பல்லோ காலத்திலிருந்து தொடங்குங்கள். "மூவ் ஆன் அப்" பாடலின் இரு பக்கங்களையும் இடைவெளி இல்லாமல் போடுங்கள். அடுத்து 1952இல் பதிவான "இன் தி அப்பர் ரூம்" போடுங்கள். அதில் சொல்லே இல்லாமல் அவர் முனகும் இடங்களில்தான் பழைய பாப்டிஸ்ட் சபையின் ஒலி கேட்கும். பிறகு 1958ஆம் ஆண்டு நியூபோர்ட் ஜாஸ் விழாவில் நேரடியாகப் பதிவானதைக் கேட்கச் செய்யுங்கள். திறந்த வெளியில், சனிக்கிழமை நள்ளிரவு கடந்து ஞாயிறு பிறக்கும் வேளையில் பாடியது. மில்ட்ரட் ஃபால்ஸின் கையும் அதில் தெளிவாகக் கேட்கும். அதே ஆண்டில் ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனோடு பாடிய "கம் சண்டே" பாடலையும் சேருங்கள். பெரிய வாத்தியக் குழு இருந்தாலும் அவரை நெருக்காமல் விலகி இடம் கொடுத்த அரிய பதிவு அது. வயலின் குழுவோடு பாடியவற்றில் ஒன்றை மட்டும் போட்டு, குழுவினரையே ஒப்பிட்டுப் பேச விடலாம்.

நம் பக்கத்தோடு உள்ள தொடர்பையும் குறிப்பிடுங்கள். 1971இல், உடல்நலம் குன்றியிருந்த நிலையிலும், அவர் இந்தியாவுக்கு வந்து கல்கத்தா, டெல்லி, மெட்ராஸ், பம்பாய் ஆகிய நகரங்களில் பாடினார். டெல்லியில் பிரதமர் இந்திரா காந்தியையும் சந்தித்தார். அடுத்த ஆண்டு ஜனவரி 27 அன்று, அறுபதாவது வயதில் சிகாகோ அருகே காலமானார். சிகாகோவில் நடந்த இறுதி ஆராதனையில் டார்சியின் "பிரஷஸ் லார்ட்" பாடலைப் பாடியவர் புகழ்பெற்ற பாடகி அரீதா ஃபிராங்க்ளின். சிறு வயதில் டெட்ராயிட்டில் தந்தையின் வீட்டுக்கு வரும் மஹாலியாவைப் பார்த்துக் கேட்டு வளர்ந்தவர் அவர். உங்கள் குழுவில் இளையோர் மிகுதி என்றால், அடுத்த மாதக் கூடுகைக்கு அரீதாவை எடுத்துக்கொள்ளலாம். 1972இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத் திருச்சபை ஒன்றில் அவர் நேரடியாகப் பாடிப் பதிவு செய்த "அமேசிங் கிரேஸ்" இசைத்தட்டு என்னிடம் இருக்கிறது. வேண்டுமானால் எந்தப் பாடல்களை எந்த வரிசையில் கேட்கலாம் என்று எழுதி அனுப்புகிறேன்.